நகைக்க நமக்கென ஒரு நா

தொல்காப்பியனார் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்தார். அழுகையை அதற்கடுத்தே வைத்தார். ஈச்சிலம்பற்றில் வாழும் எமக்கும் அவ் வரிசையே உவப்பானது. ஆயினும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் 2006ஆம் ஆண்டின் இடப்பெயர்வும் அதனைத் தலைகீழாக்கிச் சென்றன. அத்தகைய ஊரில் மனம்விட்டு நகைப்பித்தவர் எவராயினும் அவருக்கு நாம் கடன்பட்டவரே.

அவ்வகையில் யாம் திரைப்பட நகைச்சுவைக்குத் தீராக் கடனாளிகள். 1964இல் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் நாகேஷ் கதை சொல்லப் பாலையா நடுங்கும் காட்சியை எத்தனை முறை கண்டாலும், யாமும் உடன் நடுங்கி உடன் நகைக்கின்றோம். மறு ஆண்டு ‘திருவிளையாடல்’ வந்தபின், தருமி என்றால் நாகேஷின் முகமன்றி வேறு முகம் எவர் மனத்தும் தோன்றுவதில்லை. நன்கொடை திரட்டப் புறப்படும் பழைய மாணவர் ஒவ்வொருவரும் ஒருவகைத் தருமியே அன்றோ! ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்திற் கவுண்டமணியும் செந்திலும் தொடுத்த வாழைப்பழக் கணக்கு, கணித ஆசிரியர் எவராலும் இன்றுவரை தீர்க்கப்படவில்லை. ‘வின்னர்’ (2003) படத்தில் அடிபடுதற்கென்றே வீறுநடை போடும் வடிவேலுவின் கைப்புள்ளையோ, நம் விளையாட்டணிகள் சிலவற்றுக்குக் குலதெய்வம் போலும்!

நிற்க. இன்று தொலைக்காட்சியும் கைப்பேசியும் இக் காட்சிகளைத் துண்டு துண்டாக நறுக்கி வேளைதோறும் பரிமாறுகின்றன. அதன் பயனாக நம் மாணவர் நகையாட விரும்பினால் மதுரைப் பேச்சையோ கோவைப் பேச்சையோ இரவல் வாங்குகின்றனர். கிழக்கிலங்கைக்குரிய ‘மறுகா’ என்னும் சொல் வாயில் வந்துவிட்டால் நாணுகின்றனர். நம் பேச்சு அழுதற்கும் பூசலிடுதற்கும் மட்டுமே உரியது, நகைப்பதற்கு உரியதன்று என்னும் எண்ணம் இளையோர் நெஞ்சில் வேரூன்றுமாயின் அது சிறிய இழப்பன்று. 2000ஆம் ஆண்டில் ‘தெனாலி’ படத்திற் கமல்ஹாசன் எதற்கும் அஞ்சும் இலங்கைத் தமிழராக நடித்தார். யாமும் பரீட்சகரைப் போல் உச்சரிப்புக்குப் புள்ளியிட்டவாறே நகைத்தோம். அங்கு ஒலித்ததும் யாழ்ப்பாணப் பேச்சே. கிழக்கின் பேச்சுக்கு அங்கும் இடமில்லை.

இக்குறை தீர வழியில்லையோ எனின், உண்டு. இலங்கை வானொலியிற் புகழ்பெற்ற ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்னும் நாடகம் 1976இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாயிற்று. அதில் மரிக்காராக நடித்தவர் இராமதாஸ். ஐயராக நடித்தவர் அப்துல் ஹமீத். உபாலி என்னும் சிங்களவராக நடித்தவர் செல்வசேகரன். அப்புக்குட்டியாக நடித்தவர் இராஜகோபால். தமிழர் முஸ்லிமாகவும் முஸ்லிம் ஐயராகவும் மாறி ஒருவர் பேச்சை ஒருவர் பேசினர். கேட்டோர் சினக்கவில்லை, மாறாக, அப் பாத்திரப் பெயர்களையே நடிகர்க்கு அடைமொழியாக்கி மகிழ்ந்தனர். எள்ளல் என்பது பிறரை நாம் எள்ளி நகுதல் மட்டுமன்று; பிறர் நம்மை எள்ளும்போது நாமும் நகுதல் என உரையாசிரியர் பேராசிரியர் விரித்ததன் பொருள் இங்கே விளங்குகின்றது.

மூவினத்தாரும் அருகருகே வாழும் திருக்கோணமலை மாவட்டத்தைவிட இத்தகைய நகைச்சுவைக்கு ஏற்ற களம் வேறு யாது? ஆதலின் மாணவர்காள், யூபிலி விழாவுக்கு வெள்ளித்திரையின் நகலொன்றைக் கொணராதீர்கள். மூதூர் வணிகரும் சேருவில விவசாயியும் ஈச்சிலம்பற்று மீனவரும் ஒரே பேருந்திற் சிக்கிக்கொண்டதாக ஒரு நாடகம் எழுதுங்கள். ‘மறுகா’ தாராளமாக ஒலிக்கட்டும். பழைய மாணவராகிய எம்மையும் ஆசிரியர்களையும் அளவோடு எள்ளுங்கள். விழாக் குழுவினர் ஒரு மணி நேரம் ஒதுக்குவாராயின், முன்வரிசையில் அமர்ந்து உரக்க நகைப்பதாக யாம் இப்பொழுதே வாக்களிக்கின்றோம்.