பழைய வீட்டுக்குப் பளபளப்பு வேண்டாமே

பொங்கலுக்கு ஊருக்கு வர்ற பட்டணத்துச் சொந்தங்க, தாத்தா கட்டின வீட்டுக்குப் பளபளன்னு பிளாஸ்டிக் எமல்ஷன் அடிச்சுட்டுப் போயிடறாங்க. பார்க்க அழகுதான். ஆனா மண்சுவரும் சுண்ணாம்புச் சுவரும் தரையில இருக்கிற ஈரத்தை இழுத்து, காத்துல விட்டுத்தான் காயும். எமல்ஷன் அந்த வழியை அடைச்சுடும். நாலு மழை பார்த்தா பெயிண்ட் கொப்பளிச்சு, பூச்சையும் சேர்த்து உரிச்சுக்கிட்டு வரும். போதாததுக்கு, பளபளப்பு சுவரோட மேடுபள்ளத்தை எல்லாம் காட்டிக் கொடுத்துடும்.

எனாமல் வேண்டாம்னு சொல்லல. கதவு, ஜன்னலுக்கு அடிங்க. அடுப்படியில சிமெண்ட் பூசின சுவர் இருந்தா அதுக்கும் அடிங்க, கரியைத் துடைச்சு எடுக்கலாம். மத்த சுவருக்கெல்லாம் ஊறவெச்ச சுண்ணாம்பை வடிகட்டி, சுவரை நனைச்சு, மெல்லிசா ரெண்டு தடவை அடிச்சாப் போதும்.

சுண்ணாம்பு கையில ஒட்டுதேன்னு சலிச்சுக்காதீங்க. சட்டையில ஒட்டினா தட்டி விடலாம். சுவர் உதிர்ந்தா, அதே மாதிரி பூசத் தெரிஞ்ச கொத்தனாரை எங்கே போய்த் தேடுறது?