கேட்டையா, மூலமா? பிள்ளை வீட்டாரிடம் சில கேள்விகள்

போன தை மாசம் என் அக்கா பெண்ணின் ஜாதகம் மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தது. பெண்ணுக்கு 27 வயது. நன்றாகப் படித்திருக்கிறாள், நல்ல வேலை. அக்கா திருநெல்வேலியில் இருப்பதால், இங்கே பெங்களூர் லிங்கராஜபுரத்தில் இருக்கும் நான்தான் வரன் பார்க்கும் பொறுப்பு.

முதல் வீட்டுக்குக் கம்ப்யூட்டரில் போட்ட ஜாதகத்தைக் கொடுத்தோம். அது திருக்கணிதம். மூல நட்சத்திரம், தனுசு ராசி என்று இருந்தது. "மூலம் மாமனாருக்கு ஆகாதுங்களே" என்று போனை வைத்துவிட்டார்கள். இரண்டாவது வீட்டார் வாக்கியப் பஞ்சாங்கம்தான் பார்ப்போம் என்றார்கள். சரி என்று அதன்படி எழுதிக் கொடுத்தோம். அதில் அதே பெண், அதே பிறந்த நேரம், ஆனால் கேட்டை நட்சத்திரம், விருச்சிக ராசி! "கேட்டை மூத்த மைத்துனருக்கு ஆகாது. எங்களுக்கு மூத்த பையன் இருக்கான்" என்றார்கள். மூன்றாவது வீட்டுக்கு நட்சத்திரம் பிரச்சினை இல்லையாம். செவ்வாய் தோஷமாம்.

நான் பி.காம். படித்த வங்கிக்காரன். ஒரே கணக்குக்கு இரண்டு லெட்ஜரில் இரண்டு பேலன்ஸ் இருந்தால் எங்கள் ஆபீஸில் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. டேலி ஆகும் வரை உட்கார வேண்டும். ஒரு பெண்ணின் வாழ்க்கைக் கணக்கு டேலி ஆகவில்லை, ஆனால் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அதனால் நானே உட்கார்ந்து அடிப்படையைப் படித்தேன். உங்களுக்கும் சொல்கிறேன், கஷ்டமே இல்லை.

வான வட்டம் 360 டிகிரி. அதை 12ஆகப் பிரித்தால் ஒரு ராசிக்கு 30 டிகிரி. 27ஆகப் பிரித்தால் ஒரு நட்சத்திரத்துக்கு 13 டிகிரி 20 கலை. நட்சத்திரத்துக்கு 4 பாதம், மொத்தம் 108 பாதம், ராசிக்கு 9 பாதம். நீங்கள் பிறந்தபோது சந்திரன் எந்த இடத்தில் இருந்ததோ அதுதான் உங்கள் நட்சத்திரமும் ராசியும். அந்த நேரத்தில் கிழக்கே உதயமாகிக்கொண்டிருந்த ராசி லக்னம். சந்திரன் ஒரு ராசியைக் கடக்க இரண்டேகால் நாள் ஆகும். லக்னமோ ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாறிவிடும். இங்கிலீஷ் பேப்பரில் வரும் ராசி பலன் சூரியனை வைத்துச் சொல்வது. நாம் சொல்லும் ராசி அது இல்லை.

இப்போது குளறுபடிக்கு வருவோம். வாக்கியம் என்பது பழைய சூத்திர வாய்பாடுகளை வைத்துப் போடும் கணக்கு. திருக்கணிதம், வானத்தில் கிரகம் உண்மையில் நிற்கும் இடத்தோடு ஒத்துப்போகிற மாதிரி திருத்திய கணக்கு. இரண்டும் ஒத்துவராது. சனிப்பெயர்ச்சியையே பாருங்கள். மகரத்திலிருந்து கும்பத்துக்குச் சனி போனது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20, திருநள்ளாறில் விழா நடந்ததும் அன்றைக்குத்தான். நடுவில் பதினோரு மாதம்! அந்தப் பதினோரு மாதமும் தனுசு ராசிக்காரருக்கு ஏழரை முடிந்ததா, முடியவில்லையா?

சரி, திருக்கணிதமாவது ஒன்றா என்றால் அதிலும் அயனாம்சத் தகராறு. மேக்நாத் சாகா தலைமையில் 1952ல் மத்திய அரசு அமைத்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் வழியாக லாகிரி அயனாம்சம் அரசாங்கக் கணக்காயிற்று. ஆனால் இதே பெங்களூரிலிருந்து 'தி அஸ்ட்ரலாஜிகல் மேகஸின்' நடத்திய பி.வி.ராமன் வேறு அயனாம்சம் வைத்துக்கொண்டார். வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி. சந்திரன் அவ்வளவு தூரம் நகர இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். எங்கள் பெண் மாதிரி இரண்டு நட்சத்திரம் சந்திக்கிற இடத்தில் பிறந்தவர்களுக்கு அது போதும், நட்சத்திரமே மாறிவிடும். பத்துப் பொருத்தமும் நட்சத்திரம், ராசி இரண்டை வைத்துத்தான் பார்க்கிறார்கள். அஸ்திவாரம் நகர்ந்தால் பத்தும் நகரும்.

அடுத்தது செவ்வாய் தோஷம். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம். பன்னிரண்டில் ஐந்து, அதாவது நூற்றுக்கு 42 பேர். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணிப் பார்ப்பவர்களும் உண்டு. மூன்றையும் சேர்த்தால் தோராயமாக நூற்றுக்கு 80 பேர் மாட்டுவார்கள். நூற்றுக்கு எண்பது பேருக்கு இருப்பது எப்படி ஐயா தோஷமாகும்? அதனால்தான் ஆட்சி, உச்சம், குரு பார்வை என்று நிவர்த்திகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். வேண்டிய இடத்துக்கு நிவர்த்தி, வேண்டாத இடத்துக்கு தோஷம். லோன் கொடுக்க மனசில்லாத மேனேஜர் ரூல் புஸ்தகத்தைப் புரட்டுவது எனக்குத் தெரியாதா?

யாரும் சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். வானியல் விஞ்ஞானி ஜயந்த் நார்லீகர் 2008ல் மகாராஷ்டிராவில் செய்தார். நன்றாகப் படிக்கும் குழந்தைகள், மன வளர்ச்சி குன்றிய குழந்தைகள் என இரு தரப்பு ஜாதகங்களையும் கலந்து, ஆளுக்கு 40 வீதம் ஜோதிடர்களிடம் கொடுத்து, எது எந்தக் குழந்தை என்று கேட்டார்கள். பதில் அனுப்பிய 27 பேரும் சேர்ந்து சரியாகச் சொன்னது நூற்றுக்கு 46. காசைச் சுண்டிப் பார்த்தாலே ஐம்பது வரும்.

வெளிநாட்டில் இருக்கும் நம் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று. நியூ ஜெர்சியில் கோடையில் இரவு 8 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு இந்திய நேரம் மறுநாள் காலை 5.30. லக்னத்துக்கோ நியூ ஜெர்சியைத்தான் எடுக்க வேண்டும், சென்னையை அல்ல. கோடைக்காக ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்த கடிகாரம் என்பதை மறந்தால் லக்னம் ஏறக்குறைய பாதி ராசி நகர்ந்துவிடும். ஊரில் இருக்கும் தாத்தா போனில் கேட்டு எழுதிய ஜாதகத்தில் இதெல்லாம் பார்த்தாரா? அதை நம்பியா இருபத்தைந்து வருஷம் கழித்து வந்த வரனைத் திருப்பி அனுப்புகிறீர்கள்?

ஜாதகம் பார்க்காதே என்று நான் சொல்லவில்லை. பார்ப்பதென்றால் எந்தப் பஞ்சாங்கம், எந்த அயனாம்சம், பிறந்த நேரத்தை யார் குறித்தது என்று முதலில் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் அதை வைத்து ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பெண்ணைப் பிடிக்கவில்லையா, வசதி போதவில்லையா, அதை நேராகச் சொல்லுங்கள். எங்களுக்கு வருத்தமாக இருக்கும், அவ்வளவுதான். "உன்னால் மாமனார் உயிருக்கு ஆபத்து" என்று பார்த்தே இராத பெண்ணின் தலையில் பழியைப் போடாதீர்கள். அதைவிடக் கொடுமை வேறில்லை.

மூன்றாவது தடவை திரும்பி வந்த அன்று அவள் என்னிடம் கேட்டாள்: "மாமா, நான் யாருக்குத்தான் ஆவேன்?" பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த வரனுக்கு போட்டோவும் படிப்பு விவரமும் மட்டும்தான் அனுப்பப் போகிறேன். ஜாதகம் கேட்டால் இரண்டையும் சேர்த்தே கொடுப்பேன், அவர்களே டேலி செய்து கொள்ளட்டும்.

டிஸ்கி: நான் நாத்திகன் இல்லை. சனிக்கிழமை நல்லெண்ணெய் விளக்கு போடுகிறவன்தான். திருநள்ளாறுக்கும் போய் வந்திருக்கிறேன். சாமி கும்பிடுவது வேறு, தப்புக் கணக்கில் கையெழுத்துப் போடுவது வேறு.