மூச்சை அளக்க மைதானம் எங்கே?

தோழர்களே, இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். திருச்சுழிப் பக்கம் நம் காலனிப் பிள்ளைகள் வறண்ட குண்டாற்று மணலில் ஓடிப் பழகுகிறார்கள். மணலில் ஆக்சிஜன் கூடுதலாகச் செலவாகும். அங்கே கிடைக்கும் நேரம் அவர்கள் மூச்சின் அளவல்ல, தரையின் அளவு.

முகமூடி மாட்டி டிரெட்மில்லில் ஓடவிட்டு அளக்கும் ஆய்வகம் நமக்குத் தூரம். ஆனால் 1968இல் கென்னத் கூப்பர் வெளியிட்ட சோதனைக்குக் கடிகாரமும் அளந்த சமதளமும் போதும். 12 நிமிடத்தில் ஓடிய மீட்டரில் 505ஐக் கழித்து 45ஆல் வகுங்கள். 2400 மீட்டர் என்றால் 42: ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு இத்தனை மில்லி ஆக்சிஜன். தோராயம்தான், பயிற்சிக்குப் போதும்.

கடிகாரம் செல்போனிலேயே இருக்கிறது. சமதளமோ அரசுப் பள்ளி மைதானத்தில், பூட்டுக்குள். அதில் 400 மீட்டர் தடம் போட்டு, காலையும் மாலையும் எல்லோருக்கும் திறந்துவிட அக்டோபர் 2 கிராமசபையில் தீர்மானம் கேட்போம்.