நிலத்தைப் பிளக்குமுன் தமிழில் சொல்க!

பாறையைப் பிளந்து கல்நெய்யும் எரிவளியும் எடுக்குந் தொழிலில், நீருக்கு மாற்றாக நைட்ரசன் வளியைச் செலுத்தும் முறை இன்று பெரிதும் புகழப்படுகின்றது. அப்புகழில் உண்மையும் உண்டு. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரசனே. அஃது எளிதில் எதனோடும் வினைபுரியாது. களிமண் கலந்த பாறை நீர்பட்டு உப்பினால் நுண்துளைகள் அடைபடும்; வளியால் அவ்வாறு உப்புவதில்லை. கனடாவின் ஆல்பர்ட்டா நிலக்கரிப் படுகைகளிலும், அமெரிக்காவின் கெண்டக்கிப் பாறைகளிலும் இம்முறை கையாளப் பெற்றுள்ளது.

ஆயின், நீர்ச்செலவு குறைந்ததால் கேடும் தீர்ந்தது எனலாமோ? பிளவின் வழியே உப்புநீரும், கல்நெய்யும், மீத்தேனும் மேலேறி வரும். நீரூறிய நிலக்கரிப் படுகையாயின், அந்நீரை இறைத்து எங்கேனும் கொட்டியே தீரவேண்டும். உளியை மாற்றினாலும் உடைபடுவது அதே நிலந்தான்.

பழவேற்காட்டு மீனவர்க்கு எண்ணெயின் கொடுமை புதிதன்று. 2017 சனவரி 28-இல் எண்ணூர்க் கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டிற்று. 2023 திசம்பர் வெள்ளத்தில் மணலி ஆலைப்பகுதி எண்ணெய் எண்ணூர்க் கழியில் படர்ந்தது. அக்கழியையும் பழவேற்காட்டு ஏரியையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கின்றது. முறைவைத்து வலைவிடும் ‘பாடு’ ஒழுங்கால் வாழும் ஊர்கள் அவை. நீர் கெட்டால் முறை வந்தும் மீன் வாராது.

காவிரிப் படுகை மக்கள் விழித்தனர். மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுரக் கிலோமீட்டரில் நிலக்கரி மீத்தேன் எடுக்க 2010-இல் ஒப்பந்தமாயிற்று. அதனை எதிர்த்து ஊர் ஊராய்ச் சென்ற நம்மாழ்வார் 2013 திசம்பர் 30-இல் அப்பணியிலேயே உயிர்நீத்தார். 2020-இல் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் பிறந்தது. புதிய கல்நெய், எரிவளிக் கிணறுகளை அது தடுக்கின்றது. ஆனால், திருவள்ளூர் மாவட்டம் அதன் எல்லைக்குள் இல்லை. பழவேற்காட்டிற்கு அவ்வேலி இல்லை!

அதே 2020-இல் நடுவணரசு செய்ததென்ன? கல்நெய் தேடுந் துளைகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு வேண்டாவென சனவரியில் விதியை மாற்றிற்று. மார்ச்சில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வெளியிட்டது. 22 மொழிகளிலும் தருகவெனத் தில்லி உயர்முறைமன்றம் சூன் 30-இல் ஆணையிட, அதனை எதிர்த்து உச்சமன்றம் ஏறிற்று. தன் ஏரிக்கு வருவதைத் தன் மொழியில் அறியும் உரிமையும் தமிழனுக்கு இல்லையோ?

நுண்பொருளைத் தமிழில் சொல்லவியலாது என்பர் சிலர். பாறை, பிளவு, வளி, நுரை, ஊற்று, அழுத்தம் — இவற்றுள் எச்சொல் மீனவன் அறியாதது? சொல்லுக்குப் பஞ்சமில்லை, சொல்லும் மனத்திற்கே பஞ்சம்!

வேண்டுவன இரண்டு. காவிரிப் படுகைக்கு இட்ட வேலியைப் பழவேற்காட்டு ஏரிக்கும் இடுக. எம்முறையில் பிளப்பதாயினும், முழுத்திட்டத்தையும் தமிழில் எழுதி, ஊர்மன்றில் படித்து, மக்கள் ஒப்புதல் பெறுக. ஒப்பாத ஊரில் ஒரு துளையும் இடற்க!