பொன் ரம்பமும் அச்சுப்பொறியும்

காலையில் பார்சிலோனாவிலே வண்டி ஏறுகிறார்கள். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கடந்தால் மொன்செராட் மலை. மாலைக்குள் திரும்பிவிடலாம். வழிகாட்டி வாய் திறக்கிறார், கதை பிறக்கிறது!

வானவர் பொன் ரம்பத்தால் அறுத்த மலையாம் இது! 880ஆம் ஆண்டிலே இடையச் சிறுவர்கள் விண்ணொளி கண்டனராம். குகையிலே மரியன்னையின் சிலை கிடைத்ததாம். தூக்க முயன்றபோது அசைய மறுத்ததாம்! புனித லூக்காவே செதுக்கிய சிலையாம்! பயணிகளோ கரிய சிலையின் கையிலுள்ள உருண்டையைத் தொட வரிசையிலே காத்து நிற்கிறார்கள்.

தோழனே, இத்தனை 'ஆம்'களில் ஒன்றேனும் தேறுமா? மலையைச் செதுக்கியது ரம்பமன்று. பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொணர்ந்து குவித்த கூழாங்கற்கள் இறுகிப் பாறையாயின. மழையும் காற்றும் அதற்கு வடிவு தந்தன. சிலை லூக்காவின் காலத்ததன்று. 12ஆம் நூற்றாண்டின் மரச்சிற்பம். அதன் கருமையோ, மெருகுப் பூச்சும் மெழுகுவத்திப் புகையும் காலமும் சேர்ந்து தந்தது!

"சிலையின் அருளே மடத்தைக் காத்தது" என்பர் பக்தர். அப்படியானால் 1811இல் நெப்போலியன் படை மடத்தைச் சூறையாடியபோது அந்த அருள் எங்கே போயிற்று? அன்று சிலையையே மனிதர்களன்றோ மறைத்து வைத்துக் காத்தனர்!

கட்டுக்கதையைவிடப் பெரிது அங்கே மனிதர் செய்த காரியம். ஒலிபா என்னும் மடத்தலைவர் 1025இல் நிறுவிய மடம் அது. 1499இலேயே அங்கே அச்சுப்பொறி இயங்கிற்று. 1939இல் வென்ற பிராங்கோவின் சர்வாதிகாரம், கட்டலான் மொழியைப் பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் விரட்டியது. அந்த இருளிலே, 1959இல், அம்மொழியில் ஏடு வெளியிட்டது அம்மடம். 'கிறிஸ்தவம் பேசும் ஆட்சி கிறிஸ்தவ நெறிப்படி நடக்கவில்லை' என்று 1963இல் பாரிஸ் நாளேடொன்றிடம் இடித்துரைத்தார் மடத்தலைவர் எஸ்கார்ரே. 1965இல் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது அவருக்கு. 1970 டிசம்பரில், புர்கோஸ் இராணுவ வழக்கை எதிர்த்து ஏறத்தாழ 300 எழுத்தாளரும் கலைஞரும் அம்மடத்துள் அடைந்து நின்றனர். ஓவியர் மீரோவும் அவர்களில் ஒருவர். அவ்வழக்கில் விதிக்கப்பட்ட மரண தண்டனைகள், உலகெங்கும் எழுந்த கண்டனத்தால், அம்மாத இறுதியிலேயே குறைக்கப்பட்டன.

பெருமை மனிதருடையதெனில் சிறுமையும் மனிதருடையதே. அம்மடத்துத் துறவி ஒருவர் பல்லாண்டுகள் சிறுவர்களுக்கு இழைத்த பாலியல் கொடுமையை 2019இல் விசாரணைக் குழு வெளிப்படுத்தியது. மடத்தலைவர் மன்னிப்புக் கோரினார். இரண்டையும் மறையாமல் சொல்வதே வரலாறு. அற்புதக் கதையோ முன்னதை மறக்கடிக்கிறது. பின்னதை மூடி மறைக்கிறது.

மலைக்குப் போகாதே என்று நாம் சொல்லவில்லை. போ! கண்ணாரக் காண்! ஆனால், ரம்பத்தின் கதை முடிந்ததும் எழுந்து கேள்: "ஐயா, அச்சுப்பொறி இருந்த இடம் எது? மொழிக்காகவும் மனித உயிருக்காகவும் நின்றவர்கள் அடைந்திருந்த கூடம் எது?"

கேள்வி எழுந்தால், வழிகாட்டியும் வரலாறு படிப்பார்!