காற்றின் பேரேடு

ஒருவர் சூளையின் புகை அண்டை வயலைக் கெடுத்தால், ஊர்ப் பெரியோர் கூடி வழக்கைத் தீர்த்துவிடலாம். புகை தேச எல்லையைக் கடந்து சென்றால் தீர்ப்பளிப்பவர் யார்? ஐரோப்பிய நாடுகள் இதற்குக் கண்ட வழி கூட்டுறவாளர் சிந்தனைக்கு உரியது.

பிரிட்டனிலும் மத்திய ஐரோப்பாவிலும் நிலக்கரி எரித்ததால் எழுந்த கந்தகப் புகை, நார்வேயிலும் ஸ்வீடனிலும் அமில மழையாகப் பெய்தது; ஏரிகளில் மீன்கள் மடிந்தன. 1979-இல் ஜினீவாவில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. 1985-இல் ஹெல்சிங்கியில், 1980-ஆம் ஆண்டின் அளவில் நூற்றுக்கு 30 வீதத்தை 1993-க்குள் யாவரும் குறைப்பதென முடிவாயிற்று. பிரிட்டன் அதில் சேரவில்லை.

எல்லோர்க்கும் ஒரே வீதம் என்பது நியாயமாகவே தோன்றும். ஆயினும் சுண்ணாம்பு மண் அமிலத்தைத் தாங்கும். கருங்கல் மேல் படிந்த மெல்லிய மண் தாங்காது. குறைக்கும் செலவும் நாட்டுக்கு நாடு வேறு. ஆஸ்திரியாவில் லாக்ஸன்பர்க்கிலுள்ள சர்வதேச ஆராய்ச்சி நிலையம் இவற்றையெல்லாம் 'ரெயின்ஸ்' என்னும் கணிப்பு முறையில் ஒன்றுசேர்த்தது. எந்த நாட்டுப் புகை எங்கு விழுகிறது, அதைக் குறைக்க என்ன செலவாகும் என்பவற்றை அது காட்டிற்று. அக்கணக்கின் துணைகொண்டு, 1994-இல் ஆஸ்லோவில் நாட்டுக்கு நாடு வெவ்வேறு வரம்புகள் வகுக்கப்பட்டன. முன்பு ஒதுங்கி நின்ற பிரிட்டன், 2010-க்குள் 80 வீதம் குறைக்க இசைந்தது.

சங்கங்களைப் பார்வையிடும் பணியில் நான் கண்டதும் இதுவே: பேரேட்டைத் தாமே புரட்டிப் பார்த்த அங்கத்தினர் கசப்பான தீர்மானத்தையும் ஏற்பர், பாராதவர் நல்ல தீர்மானத்தையும் ஐயுறுவர்.

ஆனால் கணக்கு மட்டும் போதாது. யாவரும் ஒத்துழைத்தால் மொத்த லாபம் மிகுதி. எனினும் பிரிட்டன் போன்ற சில நாடுகளுக்கு நஷ்டமே என்று ஸ்வீடன் நாட்டுப் பொருளியல் அறிஞர் மேலர் 1989-இல் கணித்துக் காட்டினார். தம் புகை பிறர் நாட்டில் விழுவதால், அதைக் குறைக்கும் செலவு தமக்கு, பலன் பிறர்க்கு என்பது அந்நாடுகளின் நிலை. அத்தகையோர்க்கு ஈடு செய்வதா, நல்லெண்ணத்தை நம்புவதா? இதற்கு விடை கூறுவது கணிப்பு அன்று, மனிதரே.

இந்தியாவும் இலங்கையும் பாகிஸ்தானும் உட்பட எட்டு நாடுகள் 1998-இல் மாலேயில் காற்றின் தூய்மை குறித்துப் பிரகடனம் செய்தன. அதில் கட்டாய வரம்பு ஏதுமில்லை. நம் பகுதிக்கும் முதலில் வேண்டுவது, யாவரும் நம்பும் பொதுப் பேரேடு என்பதே என் துணிபு. அதனைத் திறந்து வைத்த பின்னரே வரம்பைப் பற்றிப் பேசுதல் பயன் தரும்.