மின்மினிக்கு மண்ணும் வேண்டும்

கோலசிலாங்கூரை அடுத்த கம்போங் குவாந்தானுக்குச் சென்று, இரவில் படகேறி மின்மினி கண்டுவந்த மாணவர் நம் பாகான் நக்கோடா ஓமார் வட்டாரத்திலும் உளர். சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரம்பாங் மரங்களில் ஆண் பூச்சிகள் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை ஒருசேர ஒளிவிடும் காட்சி வியப்பிற்குரியதே. எனினும், அம்மரங்களைக் காத்தாலே மின்மினியைக் காத்ததாகும் என்பாரின் கருத்தை நாம் ஏற்பதற்கில்லை.

மரம், மின்மினிகள் கூடும் மணமேடை மட்டுமே. பெண் பூச்சி முட்டையிடுவது மரத்திற்குப் பின்னுள்ள ஈரமண்ணில். அங்கே பிறக்கும் புழு, நீப்பாவும் ரும்பியா எனும் சவ்வரிசிப் பனையும் நிழல் தரும் சேற்றில், சிறு நத்தைகளைத் தின்று மாதக்கணக்கில் வளர்கிறது. இறகு முளைத்தபின் வாழ்வதோ சில வாரங்களே! ஆக, அதன் வாழ்நாளின் பெரும்பகுதி படகில் செல்வோர் கண்ணிற்படாத நிலத்திலேயே கழிகிறது.

அந்நிலத்தை வெளியாக்கிச் செம்பனை நடுவதும், வாய்க்கால் வெட்டி ஈரத்தை வடிப்பதும், பூச்சிமருந்து தெளிப்பதும் இவ்வாழ்வைக் குலைக்கும். நத்தை அழியின் புழுவுக்கு உணவேது? செம்பனையால் பிழைக்கும் தோட்டத்து மக்களாகிய நாம் இதனைக் கூறத் தயங்க வேண்டியதில்லை.

2009ஆம் ஆண்டில் சிலாங்கூர் மாநில அரசு ஆற்றோர நிலத்தை மின்மினிப் பாதுகாப்புப் பகுதியாக அரசிதழில் அறிவித்தது பாராட்டத்தக்கது. ஆனால், எல்லைக்கு அப்பால் தெளிக்கும் மருந்து மழைநீரோடு வாராதோ? ஆற்றையொட்டிய தோட்டங்கள் கரையோரத்துச் செம்பனையில் சில வரிசைகளை விட்டுக்கொடுத்து, ரும்பியாவும் நீப்பாவும் மீண்டும் வளர இடமளித்தல் வேண்டும். மாணவரை இரவில் படகேற்றும் ஆசிரியப் பெருமக்கள், அன்று பகலிலேயே அவர்களை அக்கரைநிலத்திற்கும் அழைத்துச் சென்று நத்தையைக் காட்டுவார்களாக.